ஆமை மேஸ்திரியார்
(சிப்பிகாட் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய நினைவுரை)



சிப்பிகாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அன்னாருடைய கை படாத மின்பலகை ஒன்று உண்டோ என்று கேட்டால், தேடித்தான் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு விழாவில் நம்மோடு முன்வரிசையில் அமர்ந்திருந்த அப்பெரியவர் இவ்வாண்டு இல்லை. தம் பெயரை அச்சில் காண அவர் ஒருநாளும் விரும்பியதில்லை. ஆதலால் இல்லத்தாரின் வேண்டுகோளை ஏற்று, இம்மலரிலும் அவர் பெயரைப் பொறிக்காமலே பேசுகிறோம். நம் குடியிருப்பினர் அவருக்குச் சூட்டிய பெயர் ஒன்று இருக்கிறதே, அதுவே போதும். 'ஆமை மேஸ்திரி' என்றால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் தெரியும்.

கேலியாகப் பிறந்த பெயர்தான் அது. பிறர் அரை மணியில் முடிக்கும் வேலைக்கு அவர் முழுப்பொழுதும் எடுத்துக்கொள்வார். விளக்கு எரியவில்லை என்று அழைத்தால், முதலில் மெயின் சுவிட்சை அணைப்பார். பியூஸைக் கழற்றித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அதன்பின் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். அந்த டெஸ்டரே சரியாக இருக்கிறதா என்று இன்னோர் இடத்திலும் வைத்துப் பார்ப்பார். இத்தனையும் ஒரு சாதாரண விளக்குக்கு! நாம் பொறுமை இழந்து முணுமுணுத்த நாட்கள் உண்டு.

அன்னார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து, 1960-களின் பிற்பகுதியில், சென்னையில் கப்பலேறி இங்கு வந்தவர். அவர் பிறந்த சீமையில் 1940-களிலேயே பாபநாசத்து அருவி மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. அதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இத்தீவுகளின் நிலை வியப்பூட்டியதாம். இங்கே ஒவ்வொரு தீவும் தன் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டும். தாய்நாட்டிலிருந்து கம்பி இழுக்க இயலாது. டீசலோ கப்பலில் வர வேண்டும். ஆற்றை நம்பி எழுந்த மின் நிலையம் என்று சொல்ல, டிக்லிபூர் அருகே கல்பாங் ஆற்றில் 2001-இல் இயங்கத் தொடங்கிய 5.25 மெகாவாட் நிலையம் ஒன்றுதான் உண்டு. சூரிய ஒளி மின்சாரம் பெருகியதெல்லாம் மிகவும் பிற்காலத்தில். ஆகவே, நெடுங்காலம் மின்சாரம் வருவதும் போவதுமாகவே நம் வாழ்வு நடந்தது. அது போகும்போதெல்லாம் மழையானாலும் கம்பத்தில் ஏறிய கைகளுள் அவருடையவையும் இரண்டு.

அந்தக் கைகள் மெதுவாக இயங்கக் காரணம் இருந்தது. பணியில் சேர்ந்த புதிதில், உடன் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் கம்பத்தின் மேலேயே உயிர் நீத்தார். முறைப்படி லைன் கிளியர் வாங்கியாயிற்று; மின் நிலையத்தில் மின்சாரம் நிறுத்தப்பட்டாயிற்று. பின் எங்கிருந்து வந்தது எமன்? மின்சாரம் இல்லையே என்று எவரோ தம் இடத்தில் சிறு ஜெனரேட்டரை ஓட்டியிருக்கிறார். அது தெருக் கம்பியிலிருந்து பிரிக்கப்படவில்லை. அதன் மின்சாரம் வீட்டுக்குள் நில்லாமல் வெளியே கம்பிக்கு ஓடியது. அதை ஓட்டியவருக்குத் தாம் செய்தது இன்னதென்று தெரியாது. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டு, டிரான்ஸ்பார்மரில் பின்னோக்கிப் புகுந்தால் 11,000 வோல்ட்டாகவும் மாறி நிற்கும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இறந்த இளைஞருக்கு மணமாகி ஓராண்டுகூட நிறையவில்லை. அந்தச் செய்தியை வீட்டில் சொல்ல அனுப்பப்பட்டவர் நம் மேஸ்திரியார். அன்று அவ்வீட்டு வாயிலில் நின்றதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஆனால் அதன்பின் ஐந்து நிமிட வேலையானாலும், தாம் நிற்கும் கம்பத்துக்கு இருபுறமும் எர்த் ராட் மாட்டாமல் அவர் கம்பியில் கை வைத்ததே இல்லை. மேலதிகாரி விரைவுபடுத்தினாலும் சரி, கீழே கூட்டம் கூடிக் கூச்சலிட்டாலும் சரி, அவர் கேட்கும் வினா ஒன்றே: "என் வீட்டில் ஐந்து பேர் சோறு வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள், உங்களுக்கு என்ன அவசரம்?"

குடும்பப் பற்று மிக்கவர் என்று எல்லாரையும் சொல்கிறோம். நம்முடைய எண்ணத்தில், அவருடைய பற்று அந்த எர்த் ராடில்தான் இருந்தது. பணியிட மாற்றம் அவரைக் கார் நிக்கோபாருக்கும் கேம்பல் விரிகுடாவுக்கும் கொண்டு சென்ற ஆண்டுகளில், கப்பல் வரும்போதெல்லாம் கடிதம் வரும். குழந்தைகளின் படிப்பைக் கேட்ட கையோடு, "எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றினாயா?" என்றும் எழுதியிருப்பார். பங்குனி வெயிலில் மண் காய்ந்துவிட்டால் எர்த் பயன்படாது என்பதை அம்மையார் அக்கடிதங்களில்தான் கற்றுக்கொண்டார். ஐந்தாம் வகுப்பு வரை படித்த அவர், பியூஸ் கம்பி மாற்றவும் தெரிந்துகொண்டார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். இன்றும் நம் குடியிருப்பில் பல வீடுகளில் மெயின் சுவிட்ச் பெண்களின் ஆட்சியில் இருப்பதன் தொடக்கம் இதுவே. பெண் மக்கள் மூவரையும் பட்டம் பெறச் செய்ததைச் சொல்லி அவர் பெருமைப்பட்டதில்லை. மூவருக்கும் ஷாக் அடித்ததே இல்லை என்பதைச் சொல்லிப் பெருமைப்படுவார்!

2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை நிலம் நடுங்கியபோது அவர் ஓய்வு பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. அன்று ஓடைவழியே கடல் ஏறி வந்ததையும், நம் நெல் வயல்கள் மறைந்ததையும் இங்குள்ள பெரியோர் கண்ணால் கண்டவர்கள். தென் அந்தமான் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டதால் அந்தக் கடல் முழுவதும் திரும்பவே இல்லை. குடும்பத்தாரை மேட்டில் சேர்த்துவிட்டு, நீர் வடிந்த மறுநாள் முதல் அவர் வீடு வீடாக நடந்தார். மின்சாரம் மீளும் முன்னே போய்ச் சேர வேண்டும் என்பதே அவர் கவலை. நன்னீர் காய்ந்தால் போய்விடும். கடல்நீர் காய்ந்தாலும் உப்பு நிற்கும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, சுவிட்சுக்குள் மின்சாரத்துக்கு வழி அமைத்துக் கொடுக்கும். நனைந்த பலகைகளின் இணைப்பையெல்லாம் அவர் அறுத்துப் போட்டார். ஏச்சும் கேட்டார். "இருட்டில் கிடப்போமா?" என்று சினந்தவர்களிடம், "கிடங்கள், உயிரோடு கிடங்கள்" என்றாராம். கூலி என்று எவரிடமும் ஒரு காசு பெறவில்லை.

இறுதி ஆண்டுகளில் கண் மங்கியது; ஏணி ஏற மகள்கள் விடவில்லை. ஆயினும் ஒப்பந்த வேலைக்கு வரும் இளைஞர்கள் கையுறையின்றிக் கம்பத்தில் ஏறக் கண்டால், தடியை ஊன்றிக்கொண்டு கம்பத்தடியில் போய் நிற்பார். அவர்கள் இறங்கி வந்து கையுறை மாட்டும் வரை நகர மாட்டார். அவ்விளைஞர்களுள் இருவர் அவருடைய இறுதி ஊர்வலத்தில் பாடை சுமந்தனர்.

அவர் விட்டுச் சென்ற குறிப்பேடு ஒன்றை அம்மையார் சங்கத்திடம் அளித்திருக்கிறார். எந்த வீட்டில் எர்த் குழி எங்குள்ளது, எந்த ஆண்டு குழாய் துருப்பிடித்து மாற்றப்பட்டது என்பதெல்லாம் அதில் உண்டு. கடைசிப் பக்கத்தில், ஜெனரேட்டர் வைத்திருந்தும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்தாத வீடுகளின் பட்டியல் இருக்கிறது. அச்சுவிட்ச் இருந்தால் வீட்டுக்கு ஒரு பக்கத்து மின்சாரம்தான் வரும். ஜெனரேட்டரின் மின்சாரம் தெருவுக்குப் போகாது. இம்மண்டபத்தின் பின்புறம் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டருக்கு அதைப் பொருத்தியவரும் அவரே. பட்டியலில் உள்ளவர்களின் பெயர்களை மேடையில் படிக்கப் போவதில்லை. அது நம் செயலாளரிடம் இருக்கிறது. விருந்து முடிந்ததும் அவரைப் பாருங்கள். சுவிட்ச் வாங்க இயலாத இல்லங்களுக்குச் சங்கம் வாங்கித் தரும்; பொருத்தித் தர, பாடை சுமந்த அவ்விரு இளைஞர்களும் இசைந்திருக்கிறார்கள்.