கலாசாலை உபகாரச் சம்பளம்



நம் ஆதிதிராவிட மாணாக்கர்களின் மேற்படிப்பிற்காக 1944-ஆம் வருஷம் ஏற்பட்ட சர்க்கார் உபகாரச் சம்பளத்தைக் கடனென்று அஞ்சி விண்ணப்பியாத பெற்றோர் இன்னும் உளர். அதைத் திருப்பித் தரவேண்டுவதில்லை. பெற்றோரின் வருஷ வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. அவ்வரம்பைச் சொற்பமே தாண்டிய வீட்டுப் பிள்ளைக்கும் இத்திட்டத்தில் ஒரு காசும் கிட்டாதென்பது, என் அபிப்பிராயத்தில், நியாயமன்று.

2021 முதல் மத்திய சர்க்கார் நூற்றுக்கு 60 பங்கும் நம் ராஜ்ய சர்க்கார் 40 பங்கும் ஏற்கின்றன. மத்தியப் பங்கு மாணாக்கரின் பாங்கிக் கணக்கிற்கே நேரில் வருகிறது. ஆதார் இணையாத கணக்கிற்கு வராது. ஆகையால் தாய்மார்களே, தாசில்தாரின் வருமான அத்தாட்சியைக் கோடை விடுமுறையிலேயே வாங்கி வையுங்கள். கலாசாலை திறந்தபின் கச்சேரி வாசலில் அலைந்தால், பையனுக்குப் பாடமும் போகும், கெடுவும் போகும். வருஷந்தோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.