அறைத் தோழியரைச் சேர்த்தல்: கேட்க வேண்டியவையும் கேட்கக் கூடாதவையும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விடுதி வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி செயற்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். பழைய விடுதிக் கதைகளை என்னிலும் சுவையாகச் சொல்லக்கூடியவர்கள் இச்சபையில் பலர் இருக்கிறார்கள். நான் பல்கலைக்கழக மகளிர் விடுதியொன்றில் உப பொறுப்பாளராகப் பல வருடங்கள் கடமையாற்றியவள். அக்கடமையில் ஒவ்வொரு புதுவருட அனுமதியின்போதும் என் மேசைக்கு வந்த ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். யாரை யாரோடு ஒரே அறையில் விடுவது?

இக்கேள்வி இன்று எம்மில் பலருடைய வீட்டுக்கும் வந்திருக்கிறது. இங்கே மகள் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ மட்டக்களப்புக்கோ போகிறாள். அங்கே பேத்தி ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வேறு நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். எங்கள் காலத்தில் பெயர்ப்பட்டியலைப் பார்த்து, அறிவித்தல் பலகையில் அறை இலக்கத்தை எழுதிவிடுவார்கள். இப்போது பல நாடுகளில் எத்தனை மணிக்குப் படுப்பீர்கள், அறை எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் படிவத்தில் கேட்கிறார்கள். உயர்தர மாணவிகளின் விடுதியைப் புதுப்பிக்கும் யோசனை எமது சங்கத்தின் முன்னும் இருப்பதால், கட்டடத்தைப் போலவே இதையும் யோசிக்க வேண்டும்.

முதலில், அறையில் சண்டை எதனால் வருகிறது என்று பார்ப்போம். கொள்கை வேறுபாட்டால் சண்டை பிடித்த பிள்ளைகளை நான் அதிகம் கண்டதில்லை. மின்குமிழை எப்போது அணைப்பது, மின்விசிறியை எத்தனையில் விடுவது, யன்னலைத் திறப்பதா பூட்டுவதா, ஈரத்துணியை எங்கே போடுவது, வீட்டிலிருந்து வந்த கருவாட்டுப் பொதியை எந்த அலுமாரியில் வைப்பது, இரவு பன்னிரண்டு மணிக்குக் கைத்தொலைபேசியில் யார் யாரோடு எவ்வளவு சத்தமாகக் கதைப்பது, கேட்காமல் சவர்க்காரத்தை எடுக்கலாமா என்பவைதான் பெரும்பாலான முறைப்பாடுகள். ஒரு நாளைக்கு இவை சிரிப்புக்குரியவை. நூறு நாட்கள் தொடர்ந்தால் நித்திரை கெடும், படிப்புக் கெடும், ஒரு பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழத் தொடங்கும்.

இவற்றில் முதலிடம் நித்திரைக்குத்தான். சிலருக்கு விடியற்காலையில் மூளை வேலை செய்யும். சிலருக்கு இரவு பத்து மணிக்குப் பிறகுதான் புத்தகம் ஏறும். இது சோம்பலோ சுறுசுறுப்போ அன்று, பெருமளவுக்கு உடலின் இயல்பு. ஒருவர் எந்த வகை என்று அறிவதற்கு ஹோர்ன், ஓஸ்ற்பேர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 1976இல் 19 கேள்விகள் கொண்ட வினாக்கொத்தொன்றை வெளியிட்டார்கள். அது இன்றும் பயன்படுகிறது. பதின்ம வயதில் உடலின் கடிகாரம் பின்னோக்கித் தள்ளிப்போவதும் அறியப்பட்ட விடயம். ஆகவே நான்கு மணிக்கு எழும்பும் பிள்ளையையும் இரண்டு மணிக்குப் படுக்கும் பிள்ளையையும் ஒரே மின்குமிழின் கீழ் விட்டுவிட்டு, "ஒற்றுமையாக இருங்கள்" என்று புத்திமதி சொல்வதில் பயனில்லை.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "நீங்கள் துப்புரவானவரா?" என்று கேட்டால், இல்லை என்று எந்தப் பிள்ளை எழுதும்? "கடைசியாக எப்போது உங்கள் மேசையை ஒதுக்கினீர்கள்?" என்று கேட்டால் உண்மை வரும். "சீக்கிரம் படுப்பீர்களா?" என்பதைவிட "போன கிழமை ஐந்து நாளும் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள்?" என்பது நல்ல கேள்வி. "உங்கள் பொருளை மற்றவர் கேட்காமல் எடுத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்பது இன்னும் நல்லது. முக்கியமாக, படிவத்தைப் பிள்ளையே நிரப்ப வேண்டும். அம்மா நிரப்பும் படிவத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்பது மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழும்புவார்கள்.

இனி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டால் எல்லாரையும் திருப்திப்படுத்தலாமா? முடியாது என்பதைக் கணிதமே காட்டியிருக்கிறது. கேல், ஷப்லி என்ற இரு அறிஞர்கள் 1962இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அறைத் தோழர் சிக்கலையும் தொட்டுச் சென்றார்கள். நான்கு பிள்ளைகள், இரண்டு அறைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவளுக்கு மிகவும் பிடித்தவள் இரண்டாமவள், இரண்டாமவளுக்கு மூன்றாமவள், மூன்றாமவளுக்கு முதலாமவள். நான்காமவளை மூவரும் கடைசியாகவே எழுதியிருக்கிறார்கள். இப்போது எப்படிச் சோடி சேர்த்தாலும், நான்காமவளோடு விடப்பட்டவள் மற்ற அறையில் தன்னோடு வர விரும்பும் ஒருத்தியைக் கண்டுபிடித்துவிடுவாள். அச்சோடி உடையும், அடுத்ததும் உடையும். ஷப்லி 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசை ரொத் என்பவரோடு பகிர்ந்துகொண்டார்.

ஆனால் அந்தக் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருபவள் அந்த நான்காமவள்தான். மூவரும் அவளை ஏன் கடைசியில் எழுதினார்கள்? இரவில் சத்தம் போடுபவள் என்பதாலா, அல்லது அவள் பிறந்த இடம், பேசும் பேச்சு, வந்த குடும்பம் காரணமாகவா? எங்கள் நாட்டில், அதிலும் எங்கள் சமூகத்தில், இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க இயலாது.

ஊர், சமயம், மொழி, சாதி ஆகியவற்றை "விருப்பம்" என்ற பெயரில் படிவத்துக்குள் வர விட்டால் என்ன நடக்கும்? இலங்கையில் பல்கலைக்கழக அனுமதி முழுவதும் ஒரே தரவரிசையில் நடப்பதில்லை. 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. இதனால் முல்லைத்தீவுப் பிள்ளையும் நுவரெலியாப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே விரிவுரை மண்டபத்துக்கு வருகிறார்கள். மண்டபத்தில் ஒன்றுசேர்த்தவர்களை விடுதியில் மாவட்ட வாரியாகப் பிரித்துவிட்டால், சேர்த்ததன் பயன் பாதி போய்விடும்.

எமது முன்னோர்கள் இதைக் கண்டவர்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் சம ஆசனமும் சமபோசனமும் வேண்டுமென்று போராட வேண்டியிருந்தது. ஒரே வாங்கில் இருப்பதற்கும் ஒரே பந்தியில் சாப்பிடுவதற்கும் எதிர்ப்புத் தெரிவித்தவர்களும், அதைச் "சொந்த விருப்பம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து அதே பிரிவினை ஒரு அச்சிட்ட படிவத்தின் வழியாகத் திரும்பி வர நாம் இடம் கொடுக்கலாகாது.

அப்படியானால் எதைக் கேட்பது? இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி. அங்கு புதுமாணவரிடம் சில கேள்விகளே கேட்கப்பட்டன: புகைப்பவரா, படிக்கும்போது இசை கேட்பவரா, நேரம் சென்று படுப்பவரா, பொருட்களை ஒழுங்காக வைப்பவரா. ஒரே மாதிரி விடையளித்தவர்களை ஒரு கட்டாக வைத்து, அதற்குள் குலுக்கல் முறையில் அறை கொடுத்தார்கள். புரூஸ் சசர்டோட் என்ற பொருளியலாளர் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து 2001இல் கட்டுரை வெளியிட்டார். அறைத் தோழரின் தாக்கம் முதல் வருடப் புள்ளிகளிலும், எந்தச் சங்கங்களில் சேர்கிறார்கள் என்பதிலும் தெரிந்தது. தெரிவுசெய்யும் பாடத்துறையில் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் எம்மை மாற்றுகிறார் என்பது விடுதியில் வளர்ந்த எமக்குப் புதுச்செய்தி அன்று. பழக்கத்தைக் கேட்டுவிட்டு மற்றதைக் குலுக்கலுக்கு விட்டார்களே, அதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். டியூக் பல்கலைக்கழகமும் 2018இல், முதல் வருட மாணவர் தாமே அறைத் தோழரைத் தெரிவுசெய்யும் வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. முன்கூட்டியே இணையத்தில் தேடித் தம்மைப் போன்றவர்களையே அவர்கள் சேர்த்துக்கொள்வது கூடிவந்ததே காரணம்.

பழக்கத்தைப் பார்த்துச் சேர்த்தால் எதிர்பாராத நல்ல சோடிகள் அமையும். சுபஹ் தொழுகைக்கு எழும்பும் முஸ்லிம் பிள்ளையும், திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் குளிக்கும் சைவப் பிள்ளையும் ஒரே அறையில் இருந்தால் மின்குமிழால் பிரச்சினை வருவதில்லை. மச்சம் தொடாத சைவப் பிள்ளையும் மச்சம் தொடாத சிங்களப் பிள்ளையும் ஒரு அலுமாரித் தட்டைப் பகிர்ந்துகொள்வதைக் கண்டிருக்கிறேன். ஒருத்தியின் மொழி மற்றவளுக்கு மூன்று மாதத்தில் ஓரளவு வந்துவிடும். அதற்கென்று எந்த வகுப்பும் வைக்கத் தேவையில்லை.

சேர்த்து விடுவதோடு வேலை முடிவதுமில்லை. முதல் கிழமையிலேயே அறையிலுள்ளவர்கள் ஒன்றாக இருந்து நாலு விடயம் பேசி எழுதி, கதவின் உட்பக்கத்தில் ஒட்ட வேண்டும்: மின்குமிழ் அணைக்கும் நேரம், கூட்டும் முறை, விருந்தினர் வரும் நேரம், கேட்டு எடுக்க வேண்டிய பொருட்கள். ஒரு மாதம் கழித்து அதைத் திருத்தலாம். அறை மாற்றம் கேட்டு வருபவர்களை ஆறு கிழமை பொறுக்கச் சொல்வது என் வழக்கம். பலர் திரும்பி வருவதில்லை. ஆனால் பொறுமை எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. பகிடிவதை, மிரட்டல், களவு, சாதியையோ இனத்தையோ சொல்லி இழிவுபடுத்தல், உடல்நலக் காரணம் என்றால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பகிடிவதையைத் தடைசெய்ய 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. "கொஞ்சம் பொறுத்துப் போ, பிள்ளை" என்று வீட்டாரும் சொல்லக்கூடாது.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். புதுப்பிக்கப்படும் விடுதியில் பத்துக் கேள்விகளுக்கு மேற்படாத, பழக்கங்களை மட்டும் கேட்கும் படிவம் இருக்கட்டும். ஊர், சமயம், சாதி பற்றிய விருப்பத்தை எழுத்திலோ வாய்மொழியிலோ, எந்தப் பெற்றோர் கேட்டாலும், அது பழைய மாணவியாகவே இருந்தாலும், ஏற்காதிருப்போம். ஒவ்வொரு கட்டிலுக்கும் தனி மேசை விளக்கும், பூட்டக்கூடிய சிறு அலுமாரியும் வாங்க வெளிநாட்டுக் கிளைகள் உதவட்டும். பாதிச் சண்டையை அந்த விளக்கே தீர்த்துவிடும்.

வீடு சென்றதும் உங்கள் மகளிடமோ பேத்தியிடமோ ஒன்று கேளுங்கள். "உனக்கு எப்படிப்பட்ட அறைத் தோழி வேண்டும்?" என்று எல்லாரும் கேட்பார்கள். நீங்கள், "உன்னோடு இருப்பவளுக்கு எது கஷ்டமாக இருக்கும்?" என்று கேளுங்கள். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லக்கூடிய பிள்ளை யாரோடும் இருந்துகொள்வாள்.

 எமது கல்லூரி நீடு வாழ்க.