உழவாரமும் ஊர்ப்பணியும்

(தோப்பும்படியில், சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சமயத் தொண்டு என்றவுடன் நன்கொடைப் பட்டியலே பலர் நினைவுக்கு வருகின்றது. பொருள் தருவது நற்செயலே. ஆயினும் உடலுழைப்பையும் நம் முன்னோர் உயர்ந்த தொண்டாகப் போற்றினர். ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் பதிகங்கள் பல பாடியவர். எனினும் அவர்தம் திருவுருவத்தோடு நாம் காண்பது ஏடன்று, புல் செதுக்கும் உழவாரமே. திருப்புகலூர்த் திருமுற்றத்தை அவர் செப்பனிடுங்கால் பொன்னும் மணியும் வெளிப்பட, அவற்றையும் கற்களோடு வாரிக் குளத்தில் எறிந்தார் எனச் சேக்கிழார் உரைக்கின்றார். பொன்னினும் பணி பெரிது என்பதே அதன் கருத்து.

இக்கருத்து எல்லாச் சமயத்தார்க்கும் பொது என்பதை 2018ஆம் ஆண்டு ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் கேரள நாடு கண்டது. பங்குக் குருமாரின் அழைப்பைக் கேட்ட கடலோர மீனவர் பலர், படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு விரைந்து வந்து உயிர்களைக் காத்தனர். மாளாவுக்கு அருகே கொச்சுக்கடவு மசூதியை வெள்ளம் சூழவே, ஆகஸ்டு 22ஆம் நாள் பக்ரீத் தொழுகைக்குப் புறுப்பிள்ளிக்காவு இரத்தினேசுவரி கோயிலார் தம் மண்டபத்தைத் திறந்துவிட்டனர். வயநாட்டிலோ, சேறு படிந்த கோயிலை முஸ்லிம் இளைஞர் கழுவித் துப்புரவு செய்தனர்.

அன்பர்களே! நாம் பிழைப்புத் தேடி இவ்வூர் வந்தவர்கள். மலையாளம் தட்டுத்தடுமாறிப் பேசுவோர் இன்றும் நம்மில் உளர். ஆனால் துடைப்பம் பிடிக்கும் கைக்கு மொழி தடையன்று. உடன் நின்று குளம் தூர்வாரியவனை எவரும் அயலான் என எண்ணார்.

நம் நிலையையும் சிறிது எண்ணிப் பார்ப்போம். திருவிழா நாளில் பந்தி பரிமாற நூறு கைகள் முன்வருகின்றன. மறுநாள் அண்டா துலக்க நால்வரைத் தேட வேண்டியுள்ளது. ஆண்டுதோறும் அதே நால்வர்! அவர்களும் முதுமை எய்தி வருகின்றனர். அவர்கள் ஓய்ந்தபின் விழா எங்ஙனம் நடக்கும்?

நாம் ஊழியம் பார்க்கும் இரயில்வேயில் முறைப்பட்டியல் இன்றி ஒரு வண்டியும் நகராது. சங்கத்திற்கும் அத்தகைய பட்டியல் வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் சந்தாவோடு மாதம் நான்கு மணி நேர உழைப்பையும் எழுதித் தருக. அதில் இரண்டு மணி நம் வழிபாட்டிற்கு. இரண்டு மணி, சமயம் பாராது இவ்வூர் மக்களுக்கு.

அப்பட்டியலின் முதல் வரியில் எம் பெயரை இன்றே குறித்துக்கொள்ளுமாறு செயலாளரைக் கேட்டு அமைகின்றோம்.