தகப்பனாரின் கடிகாரம்
(ஜூபிலி விழாவில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



சாமியார் சினிமாக்காரர் கதை சொல்கிறாரே என்று முகம் சுளிக்க வேண்டாம். நாம் சொல்ல வந்தது ஒரு செருப்புத் தொழிலாளியின் கதை.

போலந்து நாட்டில் கிராஸ்னோசியெல்ட்ஸ் என்றொரு சிற்றூர். அன்று அது ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. யூத மக்களுக்கு அங்கே நிம்மதியில்லை. அவ்வூர் யூதரான பெஞ்சமின், 1880-களில் தனியாகக் கப்பலேறினார். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் செருப்புத் தைத்துப் பிழைத்து, பிறகுதான் மனைவி மக்களை வரவழைத்தார். பத்துக்கு மேல் பிள்ளைகள். சிலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார்கள். 1896-இல் யங்ஸ்டவுன் என்ற இரும்பாலை நகருக்குப் போய் மறுபடியும் கடை போட்டார். மூத்த மகன் ஹாரிக்கும் அதே தொழில்தான்.

இன்னொரு மகன் சாம், படம் காட்டும் கருவி ஒன்று வாங்கவேண்டும் என்றான். தகப்பனார் தமது கடிகாரத்தையும் வண்டிக் குதிரையையும் அடகு வைத்தார் என்று அக்குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். நாமாயிருந்தால் தயங்கியிருப்போம், உள்ளதைச் சொல்லிவிடுகிறோம்.

1923-இல் நான்கு சகோதரர்கள் சேர்ந்து அமைத்த கம்பெனிதான் வார்னர் பிரதர்ஸ். 1927 அக்டோபர் 6-ஆம் நாள், நடிகர் பாடியும் பேசியும் தோன்றிய அவர்களுடைய ‘ஜாஸ் சிங்கர்’ நியூயார்க்கில் திரையிடப்பட்டது. மக்கள் எழுந்து ஆரவாரித்தார்கள். சகோதரர்களில் ஒருவரும் அங்கில்லை. பேசும் படத்துக்காக இரவு பகல் உழைத்த சாம், முந்தின நாள் கலிபோர்னியாவில் இறந்துபோனார். வயது 40.

பெற்றோர் இருவரும் அப்போது உயிரோடிருந்தார்கள்.