நெடிய பிள்ளைகளும் இரத்த அமுக்கமும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



வாவிக்கரை மைதானத்தில் கரப்பந்து ஆடும்போது மிக நெடிய பிள்ளையையே வலைக்கு முன்னே நிறுத்துகிறோம். "பனைபோல வளர்ந்திருக்கிறான்" என்று மெச்சுகிறோம். அந்த உயரமே சிலருக்கு நோயின் அடையாளமாகவும் இருத்தல் கூடும்.

அமெரிக்கக் கரப்பந்து வீராங்கனை புளோ ஹைமன் ஆறடி ஐந்தங்குல உயரமுடையவர். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அணியினர். 1986 சனவரியில் யப்பானில் ஆட்டத்தின் நடுவே ஓய்வுக்காக வந்து அமர்ந்தவர், அப்படியே சரிந்து மாண்டார். வயது 31. இருதயத்தினின்று புறப்படும் பெருநாடி கிழிந்திருந்தது. மார்ஃபான் என்னும் பரம்பரை நோய் அவருக்கு இருந்தமை அதன் பின்னரே தெரிந்தது. சகோதரரைச் சோதித்தபோது அவருக்கும் அந்நோய் இருக்கக் கண்டு, சத்திரசிகிச்சை செய்தனர்.

ஏறக்குறைய 5000 பேரில் ஒருவருக்கு வரும் இந்நோயில் பெருநாடியின் சுவர் நலிந்து, சிறிது சிறிதாக விரிகிறது. மற்றவர்க்குச் சாதாரணமான இரத்த அமுக்கமும் அச்சுவருக்குப் பாரமே. ஆகையால் அமுக்கம் ஏறாதவர்க்கும் வைத்தியர்கள் பீற்றா தடுப்பி அல்லது லொசாட்டன் மாத்திரை கொடுப்பதுண்டு. சுகமாயிருக்கிறதென்று அதைத் தாமாக நிறுத்துதல் ஆபத்து. பெருநாடி சுமார் 5 சென்ரிமீற்றர் அளவுக்கு விரிந்தால், கிழியுமுன் சத்திரசிகிச்சை செய்வர். நெல்மூட்டை தூக்குதல், தோணியைக் கரைக்கு இழுத்தல் முதலிய, மூச்சை அடக்கிச் செய்யும் வேலைகள் அமுக்கத்தைக் கணத்தில் ஏற்றிவிடும்; அவை இவர்களுக்கு ஆகா. கருவாட்டையும் குறைக்க வேண்டும். இதைச் சொன்னால் நம் வீடுகளில் கோபம் வரும், தெரியும்!

பெரியோர்களுக்கு ஒரு வார்த்தை. தாய்வழிக் குடி பார்க்கும் நம் பகுதியில், "இது எந்தக் குடியின் நோய்?" என்று கேட்பர். நோய்க்குக் குடி தெரியாது. தாயிடமிருந்தும் வரும், தந்தையிடமிருந்தும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. நால்வரில் ஒருவருக்குக் குடும்பத்தில் எவருக்கும் இல்லாமலே தோன்றும். கலியாணம் தடைப்படுமென்று மறைக்கப்பட்ட பெண்ணுக்கோ கர்ப்ப காலத்திலே பெருநாடி கிழியும் ஆபத்து அதிகம். லொசாட்டன் கர்ப்பிணிக்கு ஆகாது. அதனை முன்கூட்டியே மாற்ற வேண்டும். மறைத்தால் வைத்தியர் எப்படி அறிவார்?

இத்தகையவருக்கு நெஞ்சிலோ முதுகிலோ திடீரெனக் கிழிப்பதுபோல் வலி கண்டால், வாயுவென்று எண்ணெய் தடவிப் படுக்க வைக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

விரித்த கைகளின் அகலம் உயரத்தை மிஞ்சியும், விரல்கள் மெலிந்து நீண்டும், நெஞ்செலும்பு குழிந்தோ புடைத்தோ, சிறுவயதிலேயே கிட்டப்பார்வை கொண்டும் இருக்கும் பிள்ளைகள் நம் அணியிலும் இருக்கலாம். அடுத்த போட்டிக்குமுன் அவர்களை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று இருதயத்தைச் சோதிப்பிப்போம். பெற்றாருடன் பேசும் பொறுப்பை நாமே ஏற்கிறோம்.