நோய் பிந்தி வரும், சாட்சி முந்தி இருக்க வேண்டும்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான ஒருநாள் வகுப்பில் எமது சங்கத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சம்பளம், சேமலாப நிதி, வீட்டுக் காணி என்று நாம் வழக்கமாகப் பேசும் விடயங்கள் இன்று மாலை அமர்வில் வரும். இந்தக் காலை வேளையில் வேறொன்றைப் பேசக் கேட்டுக்கொண்டோம். அதற்குக் காரணம் எமது காரியாலயத்துக்கு வந்த ஒரு சகோதரி.

அவருடைய கணவர் பல வருடம் தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர். ஓய்வு பெற்று சில வருடத்தில் புற்றுநோய் என்று மஹரகமவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் போய் வந்து இறந்துபோனார். "இதற்கு ஏதும் நட்டஈடு கேட்கலாமா?" என்று அந்த அம்மா கேட்டார். நாங்கள் இரண்டு கேள்வி கேட்டோம். என்ன மருந்து அடித்தார்? எந்த எந்த வருடம்? "மஞ்சள் கேன்" என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. செக்ரோலைப் பார்த்தால் பெயர் போட்ட நாள்தான் இருக்கிறது, மருந்தடித்தார் என்று ஓர் எழுத்தும் இல்லை. அந்தக் காலத்துத் துரையும் இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை. நாங்கள் அந்த அம்மாவைத் தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தோம். வேறெதுவும் செய்ய முடியவில்லை.

பெக்டரியில் ரோலரில் கை அகப்பட்டால் பத்துப் பேர் பார்க்கிறார்கள். அன்றே இரத்தம், அன்றே ஆஸ்பத்திரி, அன்றே புத்தகத்தில் பதிவு. புற்றுநோய் அப்படி வருவதில்லை. இன்று மூச்சில் போனது பத்து, பதினைந்து வருடம் கழித்துக் கட்டியாகத் தெரியும். அப்போது வேலை கொடுத்தவன் மாறியிருப்பான், பக்கத்தில் வேலை செய்தவர் செத்திருப்பார், கடதாசி கறையான் அரித்திருக்கும். ஆகவே நட்டஈடுகளில் கேட்டு வாங்கக் கஷ்டமானது இதுதான்.

இந்தக் கஷ்டத்தை உலகத்திலேயே பெரிய அளவில் சந்தித்து, சண்டை போட்டு, ஓரளவு வென்ற தொழிலாளர்கள் நியூயோர்க் நகரில் இருக்கிறார்கள். அவர்களுடைய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம். அமெரிக்கா பணக்கார நாடு, அங்கே எல்லாம் தானாகக் கிடைத்திருக்கும் என்று நினைக்காதீர்கள்.

2001 செப்டெம்பர் 11ஆம் திகதி விமானங்கள் மோதி உலக வர்த்தக மையத்தின் இரண்டு கோபுரங்களும் விழுந்ததை நீங்கள் டீவியில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் 110 மாடி. நியூயோர்க்கில் மட்டும் 2,753 பேர் இறந்தார்கள். அவர்களில் 343 பேர் தீயணைப்பு வீரர்கள். அது அன்றைய கணக்கு.

அந்தக் கட்டடங்கள் விழுந்தபோது அவற்றுக்குள் இருந்ததெல்லாம் மாவாகியது. சீமெந்து, கண்ணாடி, அஸ்பெஸ்டஸ், ஈயம், ஆயிரக்கணக்கான கம்பியூட்டர்கள். அந்தக் குவியலுக்குள் நெருப்பு மூன்று மாதத்துக்கு மேல் புகைந்தது. பிளாஸ்டிக்கும் எரிபொருளும் எரிந்து டயொக்சின், பென்சீன் போன்ற நஞ்சுகள் காற்றில் கலந்தன. இவற்றில் பல புற்றுநோய் உண்டாக்குபவை என்பது அதற்கு முன்னரே தெரிந்த விடயம்.

அந்தத் தூசுக்குள் யார் நின்றார்கள்? தீயணைப்பு வீரர்கள், பொலிஸார், இரும்பு வெட்டுபவர்கள், லொறிச் சாரதிகள். அவர்களோடு, சுற்றியிருந்த அலுவலகங்களையும் வீடுகளையும் கூட்டித் துடைக்க நாட்கூலிக்கு எடுத்த ஆண்களும் பெண்களும். லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்தவர்கள் அதில் பலர். விசா இல்லாதவர்களும் இருந்தார்கள். பலருக்கு ஒழுங்கான முகமூடிகூட இல்லை.

அரசாங்கம் என்ன சொன்னது? சம்பவம் நடந்து ஏழாம் நாள், செப்டெம்பர் 18ஆம் திகதி, சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைவி காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று அறிக்கை விட்டார். அப்படிச் சொல்லப் போதிய ஆய்வுத் தகவல் அன்று கையில் இருக்கவில்லை என்று அந்த நிறுவனத்தின் உள்ளகக் கண்காணிப்பாளரே 2003இல் எழுதினார். எச்சரிக்கை வசனங்களை எடுத்து, ஆறுதல் வசனங்களைச் சேர்க்க வெள்ளை மாளிகைப் பக்கத்திலிருந்து தலையீடு இருந்ததென்றும் அந்த அறிக்கை சொன்னது. "ஒன்றும் செய்யாது, அடி" என்று எமக்குச் சொல்லப்படும் வார்த்தைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இனி நட்டஈட்டுக்கு வருவோம். இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் காயப்பட்டவர்களுக்கும் ஒரு நிதியம் உடனே அமைத்தார்கள். 700 கோடி டொலருக்கு மேல் கொடுத்தார்கள். ஆனால் 2003 டிசெம்பரோடு விண்ணப்பம் மூடப்பட்டது. அதாவது, புற்றுநோய் வெளியே தெரிய ஆரம்பிப்பதற்கு முன்னரே கதவு அடைக்கப்பட்டது. பிறகு நோயாளிகள் நீதிமன்றம் போனார்கள். 10,000க்கு மேற்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். 2010இல் கொண்டுவந்த முதல் உடன்பாட்டை நீதிபதியே "இது தொழிலாளருக்குப் போதாது" என்று திருப்பி அனுப்பினார். அதன் பிறகே தொகை கூடியது.

தொழிற்சங்கங்களும் நோயாளிகளும் வருடக்கணக்கில் வொஷிங்டனுக்கு பஸ் ஏறிப் போய் நின்றதன் பலனாக 2011 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. 34 வயதில் இறந்த ஜேம்ஸ் ஸட்ரோகா என்ற பொலிஸ் துப்பறிவாளரின் பெயரை அதற்கு வைத்தார்கள். வைத்தியமும் நட்டஈடும் அதில் உண்டு. ஆனால் நோய்ப் பட்டியலில் புற்றுநோய் இல்லை! அதே வருடம் யூலையில் ஆராய்ந்து பார்த்து, போதிய ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள்.

அந்த ஆதாரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? தீயணைப்புப் படையின் மருத்துவப் புத்தகத்திலிருந்து. அந்தப் படையில் ஒவ்வொருவரையும் 2001க்கு முன்பிருந்தே ஒழுங்காகப் பரிசோதித்துப் பதிவு வைத்திருந்தார்கள். அதனால் தூசுக்குள் போனவர், போகாதவர் என்று பிரித்து ஒப்பிட முடிந்தது. போனவர்களிடம் முதல் ஏழு வருடத்தில் புற்றுநோய் 19 வீதம் அதிகம் என்று 2011 செப்டெம்பரில் ஒரு பெரிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அதே மாதம் மறுபடி மனுக் கொடுத்தார்கள். 2012இல் ஏறக்குறைய 50 வகைப் புற்றுநோய்கள் பட்டியலில் ஏறின. பழைய பதிவுப் புத்தகம் இல்லையென்றால் இது நடந்திருக்காது.

பட்டியலில் ஏறியதால் என்ன இலாபம்? சாதாரண வழக்கில் "உன் புற்றுநோய் இந்தத் தூசால்தான் வந்தது என்று நிரூபி" என்பார்கள். அதை எந்த வைத்தியராலும் நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. இந்தச் சட்டத்தில் அப்படியில்லை. குறித்த இடத்தில், குறித்த காலத்தில் நின்றதைக் காட்ட வேண்டும். பட்டியலில் உள்ள நோய் இருப்பதை வைத்தியர் காட்ட வேண்டும். நோய் வந்த காலம் பொருந்த வேண்டும். நோய்க்கு அந்தத் தூசு கணிசமான ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும் என்றாலே ஏற்றுக்கொள்கிறார்கள். வலிக்கும் வேதனைக்கும் ஒரு புற்றுநோய்க்குப் பொதுவாக 250,000 டொலர் வரை. இழந்த சம்பளம் தனி.

ஆனால் "நான் அங்கே நின்றேன்" என்பதைக் காட்டுவதில்தான் ஏழைகள் மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்பு வீரரின் பெயர் டாப்பில் இருக்கிறது. கூட்டித் துடைத்த பெண்ணுக்கு என்ன இருக்கிறது? கையில் காசு கொடுத்தார்கள், கொன்ட்ராக்ட்காரன் போய்விட்டான். அப்படிப்பட்டவர்களுக்குக் கூட வேலை செய்தவர்கள் கொடுத்த சத்தியக்கடதாசி உதவியது. விசா இல்லாதது தடையாக வைக்கப்படவில்லை.

சகோதரிகள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். கருப்பைப் புற்றுநோய் அந்தப் பட்டியலில் ஏறியது 2023இல்தான். இருபத்தொரு வருடம்! தொடர்ந்து பரிசோதித்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பெண்களைப் பற்றிய கணக்குக் குறைவு. கணக்கில் இல்லாதவருக்குச் சட்டத்திலும் இடம் பிந்தித்தான் வந்தது.

வென்றதும் சண்டை முடியவில்லை. 2019 பெப்ரவரியில் நிதியத்தில் காசு முடிகிறது என்று சொல்லி, கையிலிருந்த விண்ணப்பங்களுக்கு 50 வீதமும், பிறகு வருபவற்றுக்கு 70 வீதமும் வெட்டினார்கள். யூன் மாதம் லூயிஸ் அல்வரெஸ் என்ற முன்னாள் துப்பறிவாளர், 68 தடவை கீமோ ஏற்றிய உடம்போடு, காங்கிரஸ் குழுவின் முன்னால் உட்கார்ந்து பேசினார். அவர் தனக்காகக் கேட்கவில்லை, பின்னால் வருபவர்களுக்காகக் கேட்டார். மூன்று கிழமைக்குள் இறந்தார். அடுத்த மாதமே புதிய சட்டம் கையெழுத்தானது. 2090ஆம் ஆண்டு வரை விண்ணப்பிக்கலாம், வெட்டிய காசும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. தூசால் வந்த நோயில் இறந்த தீயணைப்பு வீரர்களின் தொகை இப்போது அன்று இறந்த 343ஐயும் தாண்டிவிட்டது.

தோழர்களே, எமக்கு அப்படி ஒரு நிதியம் கிடையாது. எமக்கு இருப்பது 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். தொழிலால் வரும் சில நோய்களை அதுவும் ஏற்கிறது. ஆனால் ஆணையாளர் முன் போனால் முதல் கேள்வி அதே கேள்விதான்: என்ன மருந்து, எந்த வருடம், யார் சாட்சி?

உண்மையையும் பேசுவோம். தோட்டத்தில் வரும் எல்லாப் புற்றுநோயும் மருந்தால் வருவதல்ல. வாய்ப் புற்றுநோய்க்கு வெற்றிலை பாக்கும் புகையிலையும் பெரிய காரணம். அதை மறைத்துப் பேசினால் எமது நியாயமான வழக்கும் பலவீனப்படும். கிளைபொசேட்டை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் "புற்றுநோயை உண்டாக்கக்கூடியது" என்ற வரிசையில் வைத்தது. வேறு நாட்டு நிறுவனங்கள் அதை மறுக்கின்றன. எமது அரசாங்கம் அதே வருடம் தடை செய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தியது. அந்த விவாதம் முடியும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது. விஞ்ஞானிகள் ஒருநாள் முடிவு சொல்லும்போது, எமது பெயர் எங்காவது எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிடமும் நாம் கேட்பது இவைதான்.

ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். மருந்தடித்த திகதி, மலை நம்பர், மருந்தின் பெயர், அடித்தவர்களின் பெயர் எழுதுங்கள். கேனில் உள்ள லேபலை போனில் படம் பிடியுங்கள். பிள்ளைகள் உதவுவார்கள்.

மருந்தடித்த மலையில் எத்தனை நாளில் கொழுந்தெடுக்கப் பெண்களை இறக்கினார்கள் என்பதையும் எழுதுங்கள். மருந்து உடுப்பை வீட்டில் துவைப்பவரையும் மறக்க வேண்டாம்.

கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, ஸ்கேன் அறிக்கை எதையும் எறிய வேண்டாம். ஒருவர் இறந்தாலும் வைத்திருங்கள்.

நோய் கண்டவுடன், கூட வேலை செய்த இரண்டு பேர் உயிரோடு இருக்கும்போதே சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து, ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்தில் கொடுங்கள்.

நிர்வாகத்தோடு பேசும்போது நாமும் மூன்று விடயம் கேட்போம்: மருந்தடிப்பவருக்கு ஒழுங்கான பாதுகாப்பு உடுப்பு, வருடம் ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை, செக்ரோலில் "மருந்தடிப்பு" என்று தனிப் பதிவு. மூன்றாவது கேட்க வேண்டியதில் சின்னதாகத் தெரியும். அதற்குத்தான் அவர்கள் அதிகம் தயங்குவார்கள் என்று நினைக்கிறோம்.

மஹரகமவிலிருந்து ஒரு கார்டு மட்டும் கொண்டு வந்த அந்தச் சகோதரிக்கு நாம் பதில் சொல்ல முடியாமல் போனது. அடுத்த தடவை ஒருவர் வந்தால், உங்கள் தோட்டத்துக் கொப்பியைத் திறந்து பார்த்துப் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொப்பியோடு வாருங்கள்.