சாவி யார் கையில்?



முன்வரிசையில் மனநல மருத்துவர்களும் பேராசிரியர்களும் அமர்ந்திருக்கிறீர்கள். ஊராட்சித் தலைவர்களும் செயலர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் வழக்கம்போலப் பின்னால். நாளைக்கு இடம் மாறி உட்காருமாறு கேட்டுக்கொள்கிறேன். மனநலத்திலும் தற்கொலைத் தடுப்பிலும் உள்ளாட்சியின் பங்கு என்று தலைப்பு வைத்துவிட்டு, உள்ளாட்சியைக் கதவோரம் உட்கார வைப்பது அழகல்ல.

கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். பெரும்பாலானவை ஒரே பரிந்துரையில் போய் நிற்கின்றன: விழிப்புணர்வு. பேரணி, சுவரொட்டி, பள்ளியில் உறுதிமொழி. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊராட்சி மன்றத்திடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மருத்துவரால் செய்ய முடியாமல், உங்களால் மட்டுமே செய்ய முடிகிற காரியம் எது? இந்த மாநாடு அதற்கு விடை தேடினால் போதும் என்பது என் எண்ணம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். நாட்டின் சராசரி இலட்சத்துக்கு 12.4, நம்முடையது 25.9. இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். காரணங்களில் குடும்பப் பிரச்சினை 31.7 விழுக்காடு, நோய் 18.4 விழுக்காடு என்று போட்டிருக்கிறது. இந்தக் காரணப் பத்தியை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். அதை நிரப்புவது காவல் நிலையம். நம் நாளிதழ்களில் 'தீராத வயிற்று வலி' எத்தனை காலமாக வந்துகொண்டிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கந்துவட்டி, கணவனின் குடி, அடி உதை, சாதி மாறிய காதல் எல்லாமே அந்த வயிற்று வலிக்குள் அடங்கிப்போகும். விசாரணை நீளக்கூடாதென்று வீட்டார் சொல்வார்கள். ரைட்டரும் அப்படியே எழுதிக்கொள்வார். 'மருந்து குடிச்சிட்டா' என்று ஊருக்கெல்லாம் தெரிந்த சங்கதி, கோப்பில் வேறொன்றாகிவிடும்.

சிகிச்சையின் நிலையும் தெரிந்ததே. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பல வகை மனநோய்களுக்குச் சிகிச்சை இடைவெளி, அதாவது சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்களின் பங்கு, 70 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இலேயே தொடங்கியும் இதுதான் நிலை. மருத்துவர்கள் இன்னும் வேண்டும், மறுப்பதற்கில்லை. அவர்கள் வரும்வரை ஊர் என்ன செய்வது?

இதற்கு இலங்கையிலிருந்து இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும். 1995-இல் அங்கே தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. மிகக் கொடிய நச்சு வகைப் பூச்சிமருந்துகளில் மிச்சமிருந்தவற்றை அவ்வாண்டு அந்நாடு நிறுத்தியது. 1998-இல் எண்டோசல்ஃபானை நிறுத்தியது. 2008 முதல் 2011-க்குள் மேலும் மூன்றைப் படிப்படியாக விலக்கியது. தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 விழுக்காடு இறங்கிவிட்டது. 1995-க்குப் பிந்தைய 20 ஆண்டுகளில் 93,000 உயிர்கள் தப்பியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அந்த ஆண்டுகளில் இலங்கையில் துயரம் குறைந்துவிடவில்லை. போர் நடந்தது, சுனாமி வந்தது. விளைச்சலும் விழவில்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் பலருக்குச் சட்டென்று எழுந்து, சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. அந்தச் சில மணி நேரத்தில் கைக்கு எட்டுகிற பொருள் எவ்வளவு கொடியது என்பதே பிழைப்பதா போவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இரண்டாவது பாடம் அநுராதபுரம் மாவட்டத்தினுடையது. 180 கிராமங்கள், 53,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கொரு பூட்டுப்பெட்டி கொடுத்து, பூச்சிமருந்தை அதில் வைக்கச் சொன்னார்கள். 2017-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பெட்டி கொடுத்த ஊர்களுக்கும் கொடுக்காத ஊர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நல்ல எண்ணத்தோடும் பெரும் உழைப்போடும் செய்த காரியம் பலிக்கவில்லை. எனக்குத் தோன்றும் காரணம் எளிது: பெட்டியும் வீட்டில், சாவியும் வீட்டில்.

இதோடு நம் கடலூர் மாவட்டத்தைச் சேர்த்துப் பாருங்கள். சென்னையில் 1986-இல் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பும் அதன் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் வேறு வழியில் முயன்றார்கள். மருந்தை வீட்டிலேயே வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஒரு காப்பறையில் வைப்பது. வங்கி லாக்கர் மாதிரி ஆளுக்கொரு பெட்டி. விவசாயியிடம் ஒரு சாவி, காப்பாளரிடம் ஒரு சாவி. காப்பறை வந்த ஊர்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகள் குறைந்தன. சில ஊர்களில் மட்டும் நடந்த சிறிய ஆய்வு அது. அதை வைத்து நாட்டுக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் அநுராதபுரத்தில் இல்லாத ஒன்று அங்கே இருந்தது. மருந்துக்கும் மனிதருக்கும் நடுவே இன்னொரு மனிதர். தெளித்ததுபோக மீந்த அரை பாட்டிலை எரவாணத்தில் செருகி வைத்தால் அதை எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. காப்பறைக்குப் போனால், "என்னப்பா, நேத்துதானே அடிச்சே, இன்னைக்கு எதுக்கு?" என்று கேட்க ஓர் ஆள் உண்டு.

இதற்கு என்ன தேவைப்படுகிறது? நாலு சென்ட் இடம், ஒரு கொட்டகை, சம்பளத்துக்கு ஓர் ஆள், ஒரு பதிவேடு. மருத்துவக் கல்லூரியால் இதைத் தர முடியாது. ஊராட்சியால் முடியும்.

ஆனால் அதிகாரம் என்று வரும்போது ஊராட்சியின் கை வெறுங்கை. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி கடைக்கு உரிமம் வழங்குவது வேளாண்மைத் துறை. மாநில அரசால்கூட ஒரு மருந்தைத் தற்காலிகமாக 60 நாளும், விசாரணை முடியாவிட்டால் மேலும் 30 நாளும்தான் நிறுத்திவைக்க முடியும். நிரந்தரத் தடைக்கு டெல்லிதான் மனம் வைக்க வேண்டும். ஆறு பூச்சிமருந்துகளை நம் அரசு அப்படி 60 நாள் நிறுத்தியது. ஒரு சம்பாப் பட்டத்துக்குக்கூட எட்டாத காலம் அது. பூச்சிமருந்துக் கடை பள்ளிக்கூடத்துக்கு எதிரே திறந்தாலும் ஊராட்சித் தலைவர் வேடிக்கைதான் பார்க்கலாம்.

மதுவின் கதையும் இதுவே. சில்லறை விற்பனை 2003 நவம்பர் முதல் டாஸ்மாக் கையில். 2023–24-இல் அதனால் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். கோயிலுக்கும் பள்ளிக்கும் நகரத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளிக் கடை இருக்க வேண்டும் என்பது விதி. நூறாவது மீட்டரில் குடித்துவிட்டு வீட்டுக்குத்தானே வருகிறார்கள்! கிராம சபையில் பெண்கள் எழுந்து நின்று, கடை வேண்டாம் என்று தீர்மானம் போடச் சொல்வார்கள். தீர்மானம் ஆட்சியர் அலுவலகம் போய்ச் சேரும், முடிவு அங்கே. இதில் கடையை மூடு என்ற ஒற்றை வரியோடு நாம் நிறுத்திக்கொள்ளவும் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கடையில் விற்பதை எதிர்க்கும் ஊர், சந்துக்குள் விற்பதையும் கண்காணிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

உள்ளாட்சியின் பங்கைச் சட்டத்திலேயே எழுதும் வழி ஒன்று ஜப்பானில் பிறந்தது. 2003-இல் அங்கே 34,427 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2006-இல் தற்கொலைத் தடுப்புக்கென்று தனிச் சட்டம் வந்தது. 2016-இல் அதைத் திருத்தி, ஒவ்வொரு மாகாணமும் ஒவ்வொரு நகராட்சியும் கிராமமும் தனக்கான தடுப்புத் திட்டத்தை எழுதியே தீர வேண்டும் என்றார்கள். வரி வசூலிக்கும் சன்னலில் உட்கார்ந்திருப்பவருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வரி பாக்கிக்குத் தவணை கேட்டு வருகிறவர் வேறு எந்தச் சங்கடத்தில் இருக்கிறார் என்று கேட்கவும், உரிய இடத்துக்கு அனுப்பவும் அந்த ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது எண்ணம். 2019-இல் எண்ணிக்கை 20,169 ஆக இறங்கியது. கொரோனா ஆண்டில் திரும்பவும் ஏறியது. சட்டம் ஒன்றே இதைச் சாதித்தது என்று நான் சொல்ல மாட்டேன், பொருளாதாரத்துக்கும் பங்குண்டு. நம் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் தற்கொலைத் தடுப்பைக் கடமையாக்குகிறது. யாருக்கு? 'உரிய அரசு'க்கு, அதாவது மத்திய, மாநில அரசுகளுக்கு. உள்ளாட்சி அதில் இல்லை. அரசமைப்பின் 11-ஆவது அட்டவணையில் உள்ள 29 பொருள்களில் சுகாதாரம் இருக்கிறது, சமூக நலம் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் அரசாணைதான் இல்லை.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடியவை சில உண்டு. முயன்று பிழைத்தவர் மீண்டும் முயலும் அபாயம் மற்றவர்களைவிட மிக அதிகம் என்பது ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. அவரைப் பற்றி யாருக்குத் தெரியும்? அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி. காவல் நிலையத்தில் ஒரு வரி. இறந்துபோனால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வரி. மூன்றும் சந்திப்பதே இல்லை. ஊராட்சி அலுவலகத்தில் ஒன்றுகூட இல்லை. கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்குத் தவறாமல் போகும் செவிலியர், மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த இந்த வீட்டுக்கும் சில மாதங்கள் போய்வர ஒன்றிய அளவில் ஏற்பாடு செய்யலாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அதே மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லிவிட்டது. ஆனாலும் போலீஸ் கேஸ் பயம் இன்னும் போகவில்லை. அந்தப் பயம் வேண்டாம் என்று சொல்லும் வாய் உள்ளூர் வாயாக இருந்தால்தான் எடுபடும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் ரேஷன் கடைச் சுவரில் இருக்கட்டும். பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில், துணைத் தேர்வு உண்டு என்ற செய்தியோடு தவறியவர் வீட்டுக்கு ஆசிரியரோ வார்டு உறுப்பினரோ போகட்டும். குழுக்கடன் தவணைக்காக வாசலில் வந்து உட்காரும் வசூல்காரரிடம் பேச மகளிர் குழுக் கூட்டமைப்பு இருக்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஊராட்சிக்கு அதிகாரம் கேட்கும் நாம், ஊர் என்பது சாதியும் சேர்ந்ததுதான் என்பதை மறைக்கக் கூடாது. காதலித்த பெண்ணை மந்தையில் நிறுத்தி விசாரிக்கும் கட்டப்பஞ்சாயத்தும் உள்ளூர் ஆட்சிதான்; அது தடுப்பு மருந்து அல்ல, நோயின் காரணம். மனநோய் உள்ளவர்களின் பட்டியல் ஊராட்சி அலுவலக மேசையில் கிடந்தால் மறுநாள் டீக்கடையில் இருக்கும். சம்பந்தம் பேச வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். ஆகவே பெயர்கள் செவிலியரிடமும் மருத்துவரிடமும் மட்டும் இருக்க வேண்டும். இடம், கட்டடம், பணம், கண்காணிப்பு இவற்றை ஊராட்சி பார்க்கட்டும். தலைவர்கள் இதற்காக என்மேல் வருத்தப்படலாம், பரவாயில்லை.

தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி 2022 நவம்பரில் வெளியானது. 2030-க்குள் தற்கொலை மரணங்களை 10 விழுக்காடு குறைப்பது அதன் இலக்கு. அந்தப் பத்தில் தன் ஒன்றியத்தின் பங்கு எவ்வளவு, அதற்கு எந்த அதிகாரம் போதவில்லை என்று ஒவ்வொரு அமர்வின் பதிவாளரும் அரைப் பக்கம் எழுதித் தர வேண்டும். அவற்றைத் தொகுத்து ஊரக வளர்ச்சித் துறை, சுகாதாரத் துறை, வேளாண்மைத் துறை மூன்றுக்கும் ஒரே கடிதமாக அனுப்புவோம்.

முதல் அமர்வில் கட்டுரை வாசிப்பவர்களுக்கு ஆளுக்குப் பதினைந்து நிமிடம். ஊராட்சித் தலைவர்கள் பேசும்போது மணி அடிக்க வேண்டாம் என்று அமைப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறேன்.